யோகம் எப்போது ‘யோகா’ ஆனது?

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில், திதிக்கும் நட்சத்திரத்துக்கும் கீழே ‘சித்தயோகம்’ என்றோ ‘மரணயோகம்’ என்றோ சிறிய எழுத்தில் போட்டிருக்கும். எதிர்வீட்டுப் பையனுக்குத் துபாயில் வேலை கிடைத்தபோது ‘அவனுக்கு யோகம்’ என்று தெருவே பேசியது. நானோ தினமும் காலை ஆறு மணிக்குப் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மொட்டைமாடியில் நடக்கும் ‘யோகா’ வகுப்புக்குப் போகிறேன். காலண்டரில் இருப்பதும், எதிர்வீட்டுக்கு அடித்ததும், என் முழங்காலை நோகவைப்பதும் ஒரே சொல்தான்.

சமஸ்கிருதத்தில் ‘யோக’. தமிழுக்கு வந்தபோது மகர ஈறு சேர்ந்து ‘யோகம்’ ஆனது. அதே சொல் ஆங்கில எழுத்தின் வழியாகச் சுற்றிவிட்டு இரண்டாம் முறை வந்தபோது வால் நீண்டு ‘யோகா’ ஆகிவிட்டது. அசோகன் ‘அசோகா’ ஆனதைப் போல. முதலில் வந்த சொல்லுக்குச் சில ஆயிரம் ஆண்டு வயது. இரண்டாவதற்கு நூறு ஆண்டு ஆகியிருந்தாலே அதிகம். இரண்டும் ஒன்றா என்று யாராவது கேட்டால், ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். இரண்டு பதிலும் எங்கிருந்து வருகின்றன என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

வேர்ச்சொல்லிலிருந்து தொடங்கலாம். ‘யுஜ்’ என்றால் பூட்டுதல், இணைத்தல். மாட்டின் கழுத்தில் வைக்கும் நுகத்தடிக்குச் சமஸ்கிருதத்தில் ‘யுகம்’ என்று பெயர். ஆங்கிலேயர் நுகத்தடியை ‘யோக்’ என்பதும் அதே குடும்பத்துச் சொல். ரிக்வேதத்தில் யோகம் என்ற சொல் வரும் இடங்களில் தேரில் குதிரையைப் பூட்டுகிறார்கள், போருக்குக் கிளம்புகிறார்கள். யாரும் கண்ணை மூடி உட்காரவில்லை. கிழமையும் நட்சத்திரமும் சேரும் சேர்க்கைக்குப் பஞ்சாங்கம் வைத்த பெயர் யோகம் என்பதும் இந்தப் பொருளில்தான். கிடைக்காதது கிடைப்பதும் யோகமே. எல்.ஐ.சி. சின்னத்தில் இருக்கும் ‘யோகக்ஷேமம் வஹாம்யஹம்’ என்ற கீதை வரியில் யோகம் என்பது இல்லாததைச் சேர்ப்பது, க்ஷேமம் என்பது சேர்த்ததைக் காப்பது. எதிர்வீட்டுப் பையனின் யோகம் அந்த வகை.

இனி, யோகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே முதலில் காட்டப்படும் படத்துக்கு வருவோம். மொகஞ்சதாரோவில் கிடைத்த முத்திரை, தீப்பெட்டி அளவுகூட இல்லை. கொம்புத் தலைப்பாகையோடு ஓர் உருவம் மேடையில் கால்களை மடக்கி உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் யானை, புலி, காண்டாமிருகம், எருமை. சிந்துவெளி அகழாய்வுக்குத் தலைமை தாங்கிய ஜான் மார்ஷல் 1931-ல் வெளியிட்ட நூலில் இதைச் சிவனின் பழைய வடிவம், யோகி என்றார். அன்றிலிருந்து ‘யோகாவின் வயது ஐயாயிரம்’ என்ற வாக்கியம் ஓடிக்கொண்டிருக்கிறது. உட்கார்ந்திருக்கும் விதம் யோக ஆசனம்போல இருப்பது உண்மை. ஆனால் முத்திரையில் உள்ள எழுத்தை இதுவரை யாரும் ஐயமற வாசித்ததில்லை. அந்த ஆள் தியானம் செய்கிறாரா, அது தெய்வமா, அரசனா, எருமைமுகம் கொண்ட வேறு ஏதாவதா என்று முடிவாகவில்லை. கால் மடக்கி உட்கார்வதைப் பார்த்து யோகி என்று தீர்மானித்தால், நம் ஊரில் பந்தியில் உட்கார்ந்தவர்கள் அத்தனை பேரும் யோகிகள்தான். அந்த முத்திரையை மரியாதையோடு ஒதுக்கி வைத்துவிட்டு மேலே போவதே நல்லது.

சொல் இல்லாமல் பொருள் மட்டும் தலைகாட்டும் ஒரு பழைய இடம் உண்டு. ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் நீண்ட கூந்தலுள்ள ஒரு முனிவரைப் பற்றி ஒரு பாடல் இருக்கிறது. காற்றையே கச்சையாகக் கட்டி, அழுக்கேறிய மஞ்சள் ஆடை உடுத்தி, காற்றில் ஏறிப் போகிறார். ருத்திரனோடு ஒரே கிண்ணத்தில் நஞ்சு குடிக்கிறார். வேள்விக்கூடத்துக்கு வெளியே, ஊருக்கு வெளியே, வேறு எதையோ தேடிய ஆட்கள் அப்போதே இருந்திருக்கிறார்கள்.

அவர்கள் செய்ததற்குத் தவம் என்று பெயர். உடலை வாட்டுவது. அதன் படத்தைப் பார்க்க நாம் தொலைவு போக வேண்டியதில்லை. மாமல்லபுரத்தில் ஏழாம் நூற்றாண்டில் பல்லவர்கள் செதுக்கிய பெரும் பாறையில், விலா எலும்பு தெரிய ஒருவர் ஒற்றைக்காலில் நின்று கையைத் தலைக்குமேல் தூக்கியிருக்கிறார். அர்ச்சுனன் என்பார்கள், பகீரதன் என்பார்கள். எங்கள் வகுப்பில் ஒருவர் அந்தப் படத்தைக் கைப்பேசியில் காட்டி, ‘விருட்சாசனம்! அப்போதே இருந்திருக்கிறது பாருங்கள்’ என்றார். நிற்கும் விதம் ஒன்றுபோல இருக்கலாம், நோக்கம் வேறு. அவர் தொடைத் தசையை வலுப்படுத்த நிற்கவில்லை. சிவன் வந்து வரம் தரும்வரை நிற்கிறார். சிற்பிக்கு வேறொரு குறும்பும் இருந்திருக்கிறது. கீழே யானைகளின் பக்கத்தில் ஒரு பூனை பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்கிறது. அதை நம்பி எலிகள் அருகே வந்து நிற்கின்றன. போலிச் சாமியார் என்ற விஷயம் எவ்வளவு பழையது என்று தெரிந்துகொள்ள வேறு சான்று வேண்டாம்.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டி, கங்கைச் சமவெளியில் இப்படிக் காட்டுக்குப் போனவர்களின் கூட்டம் பெருகியது. புத்தரும் அவர்களில் ஒருவர்தான். ஆலார காலாமர், உத்தக ராமபுத்தர் என்ற இரண்டு ஆசிரியர்களிடம் தியானம் பயின்றார், போதாதென்று விலகினார். பிறகு மூச்சை அடக்கிப் பார்த்தார். பாலி நூல்களில் அந்த அனுபவத்தை அவரே சொல்வதாக வருகிறது: வாயையும் மூக்கையும் அடைத்து மூச்சை நிறுத்தியபோது காதுகளின் வழியே கொல்லன் துருத்தியைப் போல இரைச்சலோடு காற்று வெளியேறியது, பலசாலி ஒருவன் தலையைச் சுற்றித் தோல்வாரைக் கட்டி இறுக்குவதுபோல வலித்தது. பட்டினி கிடந்தார். எதுவும் பயன்படவில்லை என்று விட்டுவிட்டு நடுவழிக்கு வந்தார். அந்தக் காலத்தில் மூச்சுப் பயிற்சி என்ற பெயரில் என்ன நடந்தது என்பதற்கு இதைவிட நேரடியான வாக்குமூலம் எனக்குத் தெரிந்து இல்லை.

சமணர்கள் இன்னும் வேடிக்கையாக, யோகம் என்ற சொல்லையே தலைகீழாகப் பயன்படுத்தினார்கள். உடல், வாக்கு, மனம் மூன்றின் செயல்பாடுதான் அவர்களுடைய பழைய நூலில் யோகம். வினை வந்து உயிரில் ஒட்டுவது அதன் வழியாகத்தான். எனவே யோகம் என்பது நிறுத்தப்பட வேண்டிய ஒன்று! பின்னாளைய சமண ஆசிரியர்கள் மற்றவர்களைப்போல அதை முக்திக்கான வழி என்ற பொருளிலும் எழுதினார்கள் என்பது வேறு விஷயம்.

இன்று நாம் புரிந்துகொள்ளும் பொருளில் யோகம் தெளிவாக வரும் இடம் கடோபநிடதம். நசிகேதன் என்ற சிறுவன் எமனிடமே போய், செத்த பிறகு என்ன என்று கேட்கிறான். எமன் தேரை உதாரணம் காட்டுகிறான். உடல் தேர். புலன்கள் குதிரைகள். மனம் கடிவாளம். புத்தி தேரோட்டி. ஆன்மா உள்ளே உட்கார்ந்திருக்கும் பயணி. குதிரைகள் இழுத்த இழுப்புக்குத் தேர் ஓடினால் பயணி போய்ச் சேருவதில்லை. புலன்களை அசையாமல் நிறுத்திப் பிடிப்பதையே யோகம் என்கிறார்கள் என்று பிற்பகுதியில் ஒரு வரி வருகிறது. ரிக்வேதத்தில் வெளியே நின்ற தேரும் குதிரையும் இங்கே ஆளுக்குள் வந்துவிட்டன. நுகத்தடி அதேதான், பூட்டப்படும் மாடு மாறிவிட்டது. யோகத்தின் வரலாற்றில் மிகப் பெரிய திருப்பம் எது என்று கேட்டால் நான் இந்தத் தேரைத்தான் சொல்வேன்.

சுவேதாசுவதர உபநிடதம் இன்னும் கீழே இறங்கி நடைமுறை சொல்கிறது: மார்பு, கழுத்து, தலை மூன்றையும் நேராக வை; கூழாங்கல் இல்லாத, நெருப்பில்லாத, சமமான, காற்று அடிக்காத இடமாகப் பார். கீதை பல திசைகளில் சொல்லை விரிக்கிறது. வெற்றி தோல்வியில் சமமாக இருப்பது யோகம், செயலில் திறமை யோகம் என்று அடுத்தடுத்து விளக்கங்கள். ஆறாம் அத்தியாயத்தில் ஒரு சொல் விளையாட்டு: துன்பத்தோடு உள்ள சேர்க்கையிலிருந்து பிரிவதற்கு யோகம் என்று பெயர். சேர்க்கை என்ற பொருளுள்ள சொல்லுக்குப் பிரிவு என்று விளக்கம்! இது வெறும் சாதுரியம் இல்லை. பதஞ்சலிக்குப் போனால் விளங்கும்.

பதஞ்சலி யார் என்று கேட்டால் சிதம்பரத்துக்காரர்களுக்கு உடனே பதில் இருக்கிறது: இடுப்புக்குக் கீழே பாம்பு உடலோடு, வியாக்கிரபாதருடன் நின்று தில்லையில் நடராசர் ஆட்டத்தைக் கண்டவர். சமஸ்கிருத இலக்கணத்துக்குப் பேருரை எழுதிய பதஞ்சலியும் இவரே என்று மரபு சொல்கிறது. இலக்கணக்காரர் கி.மு. இரண்டாம் நூற்றாண்டு, யோகசூத்திரத்தை இன்றைய ஆய்வாளர்கள் பலர் கி.பி. 400-ஐ ஒட்டி வைக்கிறார்கள். இருவரும் ஒருவராக இருக்க முடியாது என்பது அவர்கள் வாதம். நூலோ மிகச் சின்னது: நான்கு பாதங்களில் 195 சூத்திரங்கள், சில பதிப்புகளில் 196.

இரண்டாவது சூத்திரத்திலேயே விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறார்: யோகம் என்பது சித்தவிருத்தி நிரோதம். சித்தம் என்றால் மனம், புத்தி, நான் என்ற உணர்வு எல்லாம் சேர்ந்த உள்ளம். விருத்தி என்றால் அதில் எழும் அசைவு. நிரோதம் என்றால் அடங்குதல். குளத்தில் அலை ஓய்ந்தால் அடி தெரியும் என்ற கணக்கு.

அசைவுகள் ஐந்து என்று எண்ணியும் சொல்கிறார். புகையைக் கண்டு நெருப்பை அறிவதுபோன்ற சரியான அறிவு ஒன்று. கயிற்றைப் பாம்பென்று எண்ணும் தவறான அறிவு இன்னொன்று. முயற்கொம்பு என்கிறோமே, பொருளே இல்லாமல் சொல் மட்டும் கிளப்பிவிடும் எண்ணம், அது மூன்றாவது. நினைவும் ஓர் அசைவே. இவற்றோடு உறக்கத்தையும் சேர்க்கிறார் பதஞ்சலி. முதல் தடவை படித்தபோது எனக்கு இது விளங்கவில்லை. தூங்கும்போது மனம் ஓய்ந்துதானே கிடக்கிறது? பழைய உரைகாரர் வியாசர் அழகாக மடக்குகிறார்: எழுந்ததும் ‘சுகமாகத் தூங்கினேன்’ என்கிறாய். அந்தச் சுகத்தை யாரோ கவனித்துக்கொண்டு இருந்ததால்தானே காலையில் நினைவுக்கு வருகிறது? ஆக, உறக்கத்திலும் சித்தம் எதையோ பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. யோகி அடக்க வேண்டியவற்றில் அதுவும் சேர்த்தி.

சரியான அறிவையும்கூட அடக்கச் சொல்வது ஏன்? இங்கேதான் சாங்கியம் என்ற தத்துவம் உதவுகிறது. உலகில் அடிப்படையாக இரண்டு இருக்கின்றன. ஒன்று புருஷன்: வெறுமனே பார்க்கும் உணர்வு, எதையும் செய்யாது. மற்றொன்று பிரகிருதி: கல், மரம், உடல், மூச்சு எல்லாம் அதிலிருந்து வந்தவை. நம்மைத் தூக்கிவாரிப் போடும் இடம், மனமும் புத்தியும்கூடப் பிரகிருதியின் பக்கம்தான் சேரும் என்பது. ‘நான் யோசிக்கிறேன்’ என்று நாம் சொல்வது, சினிமாத் திரையில் அடிபட்டவனுக்காகக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பவன் அழுவதுபோல. பார்ப்பவன் பார்க்கப்படுவதைத் தானென்று எண்ணிவிட்டான். அந்த அறியாமைதான் எல்லாத் துன்பத்துக்கும் விதை. சாங்கிய நூல் சொல்லும் உவமை இன்னும் நயமானது: நாட்டியக்காரி அரங்கில் ஆடிக் காட்டிவிட்டு விலகுவதுபோல, பிரகிருதி தன்னைப் புருஷனுக்குக் காட்டிவிட்டு ஓய்கிறது.

அப்படி ஓய்ந்த பிறகு பார்ப்பவன் தனியே நிற்கிறான். அந்தத் தனிமைக்குப் பெயர் கைவல்யம். ‘யோகம் என்றால் இணைதல், ஜீவாத்மா பரமாத்மாவோடு இணைவது’ என்று வகுப்பிலும் மேடையிலும் சொல்வார்கள். வேதாந்திகளுக்கும் சைவர்களுக்கும் அது பொருந்தும். பதஞ்சலியின் நூலில் யாரும் யாரோடும் இணைவதில்லை. ஒட்டிக்கொண்ட இரண்டைப் பிரிப்பதே வேலை. கீதை சொன்ன பிரிவு இங்கே முழுத் தத்துவமாக நிற்கிறது.

இதற்கான வழிதான் அட்டாங்கம், எட்டு உறுப்பு. கொல்லாமை, பொய்யாமை, களவாமை, காமம் அடக்கல், பொருள் சேர்க்காமை என்ற ஐந்தும் முதலில். சமணரின் ஐந்து நோன்புகளும் இவையே. இரண்டு மரபும் ஒரே காட்டில் வளர்ந்தவை என்பதற்கு இது ஓர் அடையாளம். அடுத்துத் தூய்மை, மனநிறைவு முதலான ஒழுக்கங்கள். மூன்றாவதாக ஆசனம், நான்காவதாகப் பிராணாயாமம். தொல்காப்பியப் புறத்திணையியலின் பழைய உரையில் இந்த எட்டில் சிலவற்றுக்கு நல்ல தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றன: பிராணாயாமம் வளிநிலை, பிரத்தியாகாரம் தொகைநிலை, தாரணை பொறைநிலை, தியானம் நினைதல். தொகைநிலை என்பது எனக்குப் பிடித்த சொல். வெளியே ஓடும் புலன்களை உள்ளே தொகுத்துக்கொள்வது. ‘ஒருமையுள் ஆமைபோல் ஐந்தடக்கல்’ என்று வள்ளுவர் சொன்ன ஆமை கீதையிலும் இதே வேலையைத்தான் செய்கிறது. பொறைநிலைக்கும் நினைதலுக்கும் உள்ள வேறுபாட்டை, தண்ணீர் சொட்டுவதையும் எண்ணெய் ஒழுகுவதையும் வைத்து விளக்குவார்கள். ஒரே இடத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்தால் தாரணை; இழை அறாமல் ஒழுகினால் தியானம். ஊற்றுபவனையே மறந்து எண்ணெய் மட்டும் இருந்தால் சமாதி.

ஆசனத்தைப் பற்றிப் பதஞ்சலி எத்தனை சூத்திரம் எழுதினார் தெரியுமா? மூன்று. அசையாமலும் சுகமாகவும் இருப்பது ஆசனம் என்பது அதில் முதலாவது. ஆசனம் என்றாலே இருக்கை என்று தமிழருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, சிம்மாசனம் என்கிறோமே. நெடுநேரம் உட்கார வேண்டும், அதற்கு இடுப்பும் முதுகும் தொந்தரவு தரக் கூடாது. அவ்வளவுதான் அன்றைய தேவை. வியாசர் உரையில் பத்துப் பன்னிரண்டு பெயர்கள் வருகின்றன. ஏறக்குறைய எல்லாமே உட்காரும் வகைகள். சோளிங்கர் மலையில் இருக்கும் யோக நரசிம்மரையோ சபரிமலை ஐயப்பனையோ நினைத்துப் பாருங்கள். முழங்கால்களைச் சுற்றி ஒரு பட்டை ஓடுகிறது. அதற்கு யோகபட்டம் என்று பெயர். நெடுநேரம் உட்கார்பவருக்குக் கால் நழுவாமல் இருக்கக் கட்டிக்கொள்ளும் துணி. பழைய யோகத்தின் ஒரே உபகரணம் என்று அதைச் சொல்லலாம்.

அப்படியானால் தலைகீழாக நிற்பது எங்கிருந்து வந்தது?

பதஞ்சலியின் நூலில் கொஞ்சம் கசப்பான ஒரு சூத்திரம் உண்டு. தூய்மையைக் கடைப்பிடித்தால் தன் உடல்மீதே அருவருப்பு வரும் என்கிறது. இதை வைத்துக்கொண்டு திருமூலரின் இந்த அடிகளைப் படியுங்கள்:

உடம்பினை முன்னம் இழுக்கென் றிருந்தேன்
உடம்பினுக் குள்ளே உறுபொருள் கண்டேன்

‘முன்னம்’ என்ற சொல்லில் ஒரு முழு வரலாறு இருக்கிறது. திருமூலர் பதஞ்சலியைத் தம்மோடு நந்தியின் அருள் பெற்றவர்களில் ஒருவராகச் சொல்கிறார். தம் திருமந்திரத்தின் மூன்றாம் பகுதியான மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை வரிசையாகப் பாடுகிறார். ஆனால் உடலைப் பற்றிய கணக்கை மாற்றிவிட்டார். உடல் குப்பைத்தொட்டி இல்லை, பாத்திரம். ‘உடம்பை வளர்த்தேன் உயிர்வளர்த் தேனே’ என்பது அவர் துணிவு. திருமந்திரத்தின் காலம் பற்றி அறிஞர்களிடையே சண்டை ஓயவில்லை. எந்த நூற்றாண்டாக இருந்தாலும், இந்தியா முழுவதும், உடலையே முக்திக்குக் கருவியாக்கிய தாந்திரிக மரபுகளில் நடந்த மாற்றத்தை நாலு சொல்லில் சொல்ல இவரைவிட்டால் ஆளில்லை.

அந்த மாற்றத்திலிருந்து வளர்ந்ததுதான் ஹடயோகம். ஹடம் என்றால் வலுக்கட்டாயம். ‘ஹ’ என்றால் சூரியன், ‘ட’ என்றால் சந்திரன் என்று சொல்வது பிற்கால விளக்கம், கேட்க நன்றாக இருக்கிறது. ஹடயோக முறைகளை விவரிக்கும் மிகப் பழைய நூல்களில் ஒன்றான பதினோராம் நூற்றாண்டு அமிர்தசித்தி, பௌத்த தாந்திரிகச் சூழலில் பிறந்தது. பிறகு மச்சேந்திரர், கோரக்கர் பெயரில் நாத யோகிகள் அதைக் கொண்டுபோனார்கள். நம் சித்தர் பாடல்களில் மூச்சோடும் நாடிகளுக்கு வரும் இடகலை, பிங்கலை, சுழுமுனை என்ற பெயர்கள் எல்லாம் இந்த உலகத்துச் சொற்களே.

தலைகீழாக நிற்பதன் காரணத்தை அந்த நூல்கள் குழாய் வேலைக்காரர் விளக்குவதுபோல விளக்குகின்றன. தலைக்குள் ஒரு சந்திரன் இருக்கிறது. அதிலிருந்து அமுதம் சொட்டுகிறது. நாபியில் ஒரு சூரியன் எரிகிறது. சொட்டும் அமுதத்தையெல்லாம் அந்த நெருப்பு தின்றுவிடுகிறது. அதனால்தான் மனிதன் நரைத்து மூத்துச் சாகிறான். சரி, என்ன செய்யலாம்? ஆளைக் கவிழ்த்துவிடலாம். சூரியன் மேலே, சந்திரன் கீழே. அமுதம் எங்கும் ஒழுகாது. இதற்கு விபரீதகரணி என்று பெயர். மூளைக்கு ரத்த ஓட்டம் என்று இன்று சொல்கிறோம். அவர்கள் நோக்கம் சாவை ஏமாற்றுவது. ‘காற்றைப் பிடிக்கும் கணக்கு’ தெரிந்தவன் கூற்றை உதைப்பான் என்று திருமூலர் சொன்னதும் இந்தக் கணக்கில்தான்.

பதினைந்தாம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் தொகுத்த ஹடபிரதீபிகையில் ஆசனங்கள் பதினைந்து. பாதிக்கு மேல் உட்காருபவை. முழங்கைகளில் உடலைத் தாங்கும் மயூராசனமும் பிணம்போலக் கிடக்கும் சவாசனமும் சேர்ந்திருக்கின்றன. பிறகு வந்த கேரண்ட சம்ஹிதையில் முப்பத்திரண்டு. எத்தனை உயிரினமோ அத்தனை ஆசனம், எண்பத்து நான்கு லட்சம், அதில் எண்பத்து நான்கு சிறந்தவை என்று ஒரு பெரிய கணக்கும் அதில் இருக்கிறது. மர ஆசனமான விருட்சாசனம் அந்த முப்பத்திரண்டில் வருகிறது.

இதற்கிடையில் யோகம் மத எல்லைகளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. பதினோராம் நூற்றாண்டிலேயே அல்பிரூனி என்ற முஸ்லிம் அறிஞர் பதஞ்சலியை அரபியில் பெயர்த்தார். ஆசன விளக்கங்கள் கொண்ட ஒரு பாரசீக நூலை ஓவியங்களோடு தயாரிக்கச் செய்தவர், பின்னாளில் ஜஹாங்கீர் ஆன இளவரசர் சலீம். ஆசனங்களை வரிசையாகப் படம் போட்டுக் காட்டும் மிகப் பழைய சுவடிகளில் அது ஒன்று. இப்போது டப்ளினில் இருக்கிறது.

வெள்ளைக்காரர் ஆட்சியில் யோகியின் மரியாதை சரிந்தது. சாம்பல் பூசிய பிச்சைக்காரன், ஆணிப் படுக்கையில் கிடக்கும் வித்தைக்காரன் என்ற சித்திரம்தான் படித்தவர் மனத்திலும் பதிந்தது. விவேகானந்தர் 1893-ல் சிகாகோ போனார். அந்தப் பயணத்துக்குச் சென்னையில் அளசிங்கப் பெருமாள் முதலான இளைஞர்கள் வீடுவீடாகப் பணம் திரட்டினார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து வந்த அவருடைய ‘ராஜயோகம்’ பதஞ்சலியை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது. ஆனால் ஹடயோகத்தை அவர் கிட்டே சேர்க்கவில்லை. உடலை நீண்ட நாள் வாழவைப்பதுதான் அதன் குறி, ஆன்மிகத்துக்கு அது உதவாது என்று தள்ளிவிட்டார். இன்றைய மொட்டைமாடி வகுப்பைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

தள்ளப்பட்ட உடல் வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் உலகெங்கும் உடற்பயிற்சி மோகம் பிடித்திருந்த காலம். ஜெர்மானியப் பயில்வான் யூஜின் சாண்டோ இந்தியாவுக்கு வந்து கண்காட்சிகள் நடத்தினார். 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி தொடங்கியது. இந்தியர்கள் நோஞ்சான்கள் என்ற ஏளனத்துக்குப் பதில் சொல்ல, சுதேசிப் பயிற்சி எது என்று தேடியவர்களின் கண்ணில் ஆசனங்கள் பட்டன. குவலயானந்தர் 1924-ல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தைத் தொடங்கி, யோகிகளை எக்ஸ்ரே எடுத்தார். ரத்த அழுத்தம் பார்த்தார். ஔந்த் சமஸ்தானத்து அரசர் சூரிய நமஸ்காரத்தை ஊர் ஊராகப் பரப்பினார். சூரிய நமஸ்காரம் அதுவரை யோக நூல்களின் பாடமாக இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹடபிரதீபிகைக்கு உரை எழுதிய பிரம்மானந்தர், உடலை வருத்துவதால் யோகி தவிர்க்க வேண்டியவற்றின் உதாரணமாக, மிகுதியாகச் சூரிய நமஸ்காரம் செய்வதையும் பாரம் தூக்குவதையும் சேர்த்துச் சொல்கிறார்! எங்கள் வகுப்பு தினமும் பன்னிரண்டு சூரிய நமஸ்காரத்தோடுதான் ஆரம்பிக்கிறது.

எல்லா ஓடைகளும் வந்து சேர்ந்த இடம் மைசூர் அரண்மனை. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆதரவில் 1933-ல் அங்கே யோகசாலை நடத்தத் தொடங்கியவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். சிறுவயதில் ஆழ்வார்திருநகரிக்குப் போனபோது, பழைய வைணவ ஆசாரியரான நாதமுனிகள் காட்சியில் தோன்றி ‘யோக ரகசியம்’ ஓதினார் என்று அவர் சொல்வார். இமயத்துக்கு அப்பால் ஒரு குருவிடம் பல ஆண்டுகள் கற்றதாகவும் சொல்வார். தம் முறைக்கு ஆதாரமான ஓலைச்சுவடியை எறும்பு தின்றுவிட்டது என்று அவருடைய மாணவர் மரபில் ஒரு கதை ஓடுகிறது. அந்த எறும்புகள்மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. துள்ளித் திரியும் அரண்மனைப் பையன்களுக்குச் சொல்லித்தர, பழைய ஆசனம், மல்யுத்தக் கூடத்துப் பயிற்சி, மேலைநாட்டு ஜிம்னாஸ்டிக்ஸ் மூன்றையும் மூச்சுக் கணக்கோடு கோத்தார் என்று ஆய்வாளர் சிலர் சொல்கிறார்கள். இல்லை, எல்லாம் நம்முடையதே என்று சிலர் மறுக்கிறார்கள். எப்படியானாலும் நின்றும் குனிந்தும் தொடர்ச்சியாகச் செய்யும் இன்றைய பாணி அங்கேதான் திரண்டது. பட்டாபி ஜோயிஸ், கிருஷ்ணமாச்சாரியாரின் மைத்துனர் பி.கே.எஸ். ஐயங்கார், ரீகாவில் பிறந்த இந்திரா தேவி மூவரும் அவரிடம் பயின்றவர்கள். இந்திரா தேவி 1940-களின் பிற்பகுதியில் ஹாலிவுட்டில் பள்ளி திறந்தார். ஐயங்காரின் நூல் 1966-ல் வந்து உலகம் சுற்றியது. ‘யோகா’வின் வால் நீண்டது இந்த வழியில்தான்.

குருவோ நாடு சுதந்திரம் அடைந்து சமஸ்தானம் போன பிறகு 1952-ல் சென்னைக்கு வந்து, 1989-ல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். சென்னைக் காலத்தில் அவர் சொல்லித்தந்த முறை வேறு. எதிரே உட்கார்ந்திருப்பவரின் வயது, நோய், மூச்சு பார்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. ஒரே மனிதர் இரண்டு யோகாக்களை உருவாக்கினார். துள்ளும் பாதி அமெரிக்காவுக்குப் போனது, நிதானப் பாதி நம் ஊரில் தங்கியது.

தமிழ்நாட்டிலிருந்து வடக்கே போன ஒருவரையும் சொல்லாமல் விட முடியாது. பத்தமடையில் 1887-ல் பிறந்த குப்புசாமி, மலேயாவில் மருத்துவராக இருந்துவிட்டு ரிஷிகேசம் போய் சுவாமி சிவானந்தர் ஆனார். 1936-ல் தெய்வ நெறிக் கழகத்தைத் தொடங்கினார். அவருடைய சீடர்கள் உலகெங்கும் ஆசிரமங்கள் வைத்தார்கள். கோரைப் பாய்க்குப் பேர்போன ஊரிலிருந்து யோகாசிரியர் வந்தது வெறும் தற்செயல்தான். ஆனாலும் ரப்பர் பாயை விரிக்கும்போதெல்லாம் எனக்குப் பத்தமடை ஞாபகம் வருகிறது. கூடுவாஞ்சேரி நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி, உடலுக்குள் உறங்குவதாகச் சொல்லும் சக்தியை எழுப்பும் குண்டலினிப் பயிற்சியை எளிமையாக்கி ‘மனவளக்கலை’ என்று தமிழிலேயே பெயர் வைத்தார்.

மற்றதெல்லாம் செய்தித்தாளில் படித்ததுதான். 2014 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் 177 நாடுகள் முன்மொழிந்த தீர்மானம் நிறைவேறி, 2015 முதல் ஜூன் 21 உலக யோகா தினம். 2016-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இடம்.

எங்கள் வகுப்பு ஏழு மணிக்கு முடிகிறது. கடைசிப் பத்து நிமிடம் சவாசனம். களைப்பைப் போக்கும், சித்தத்துக்கு ஓய்வு தரும் என்று ஹடபிரதீபிகை சொன்ன அதே ஆசனம். மல்லாந்து படுக்கிறோம். மாஸ்டர் மெதுவான குரலில் கால் விரலிலிருந்து தலைவரை ஒவ்வோர் உறுப்பாகத் தளர்த்தச் சொல்கிறார். கிழக்கே வெயில் ஏறுகிறது, கீழே பால்காரரின் மணி கேட்கிறது. ‘யாரும் தூங்கிவிடாதீர்கள்’ என்கிறார் மாஸ்டர். இரண்டாம் வரிசையில், போன மாதம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரிடமிருந்து முதல் குறட்டை எழுகிறது. பதஞ்சலி கணக்கில் அதுவும் ஒரு விருத்தி. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணை மூடுகிறேன். அடுத்து எனக்குத் தெரிவது, பக்கத்திலிருப்பவர் என் தோளைத் தட்டி ‘சார், எல்லோரும் இறங்கிவிட்டார்கள்’ என்பது.